செபஸ்தியாருக்கு நேர்ந்துவிட்ட பெண்

1955 மார்ச் மாதம், குருசுப்பட்டி மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த நான்காம் நாள், பட்டப்பகல் மூன்று மணிக்கு எதிர் வீட்டில் ஒப்பாரி கேட்டது. சிறு பெண்களின் குரல். ஏழெட்டுப் பேர் சேர்ந்து அழுதார்கள். யார் இறந்தது என்று பிள்ளைகளைக் கேட்டேன். யாரும் சிலேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஊருக்குப் புதியவன், துக்கத்துக்குப் போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போனேன். கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் பெண்கள் தலையை விரித்துப் போட்டு வட்டமாக உட்கார்ந்து, பூ முடியாமல் போனவளே, புருஷன் முகம் காணாமல் போனவளே என்று மாரில் அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பிணம் இல்லை. ஒரு பலகையில் இருபது இருபத்தொரு வயதுப் பெண்ணொருத்தி கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் பெரிய செம்மறிக் கிடா ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் வாசற்படிக்குப் பின்வாங்கிவிட்டேன், அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

நான்கு மணிக்குக் கோயில் மணி அடித்தது. அழுகை அப்படியே நின்றது. பெண்கள் கொண்டையை முடிந்துகொண்டு, ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, எதையோ சொல்லிச் சிரித்தபடி வீட்டுக்குப் போனார்கள். நடுவில் இருந்தவள் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். கிடா எழுந்து அவள் பின்னால் போனது.

அவள்தான் சூசைமேரி. அவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எழுதவேண்டிய கடமை எனக்கு உண்டு, ஏன் என்பது கடைசியில் தெரியும்.

குருசுப்பட்டி ஆவூருக்கு மூன்று மைல். ஊர் முழுக்கக் கிறிஸ்தவர்கள், பரம்பரையாக ரோமன் கத்தோலிக்கர்கள். நான் ஆவுடையார்கோவில் பக்கத்துச் சைவன். திருநீறு பூசிக்கொண்டு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன், அதில் யாருக்கும் சங்கடம் இருக்கவில்லை. அந்த ஊர் ஜனங்கள் நல்லவர்கள். நல்லவர்களாக இருந்துகொண்டே ஒரு பெண்ணை என்ன செய்ய முடியும் என்பதை அங்கேதான் பார்த்தேன்.

சூசைமேரியின் தகப்பனார் அடைக்கலசாமி, ஊர் உபதேசியார். சாமியார் (பாதிரியாரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) இல்லாத நாட்களில் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரங்கள் படிப்பிப்பது, சாவு வீட்டில் பிணத்துக்கு முன்னால் நடப்பது எல்லாம் அவர் வேலை. புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த 1948-இல் ஊரில் காலரா வந்தது. ஒன்பது நாளில் ஏழு பிணங்களுக்கு முன்னால் நடந்தார். ஏழாவது பிணத்தைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போது, ஊர் எல்லையில் இருக்கும் செபஸ்தியார் குருசடி என்ற சின்னக் கோயிலில் முழங்காலில் விழுந்து நேர்ந்துகொண்டார். "எங்க வீட்டுல ஒரு உசிரும் போகாமக் காப்பாத்து. நான் வீட்டுக்குப் போறப்ப வாசல்ல எனக்கு எதிரா வார மொத உசிரு ஒனக்கு." கொள்ளைநோய்க்குச் செபஸ்தியார்தான் காவல் என்பது அவர்கள் நம்பிக்கை.

அவர் மனதில் இருந்தது வீட்டில் வளர்ந்த கிடா. அவர் காலடிச் சத்தம் கேட்டால் அதுதான் முதலில் ஓடிவரும். அன்றைக்கு மேய்ச்சலுக்கு ஓட்டிப்போவதற்காகப் பதினான்கு வயது மகள் அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வாசற்படி தாண்டினாள். கயிறு அவள் கையில், கிடா இரண்டடி பின்னால்.

கிடாதான் முன்னால் வந்தது என்று தாய் சத்தியம் செய்தாள். கிடாயைக் கொடுத்தால் போதும் என்று ஊரிலும் நாலு பேர் சொன்னார்கள். அடைக்கலசாமி கேட்கவில்லை. அதற்குக் காரணம் ஒரு புத்தகம். கீரனூர்ச் சந்தையில் பழைய பேப்பரோடு புரோட்டஸ்டண்டுக்காரர்களின் வேதபுத்தகம் ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. கத்தோலிக்கர் வீட்டில் அந்தக் காலத்தில் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. அவர் ஒளித்து வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். அதில் பழைய ஏற்பாட்டில் ஒரு படைத்தலைவன் கதை வருகிறது. யுத்தத்தில் ஜெயித்தால் என் வீட்டு வாசலில் எனக்கு எதிரே வருவதைத் தேவனுக்குக் கொடுப்பேன் என்று அவன் பொருத்தனை செய்கிறான். வந்தவள் அவனுடைய ஒரே மகள். அவள் தன் கன்னிமையை நினைத்து அழுகிறாள். பிறகு வருஷந்தோறும் அந்தத் தேசத்துப் பெண்கள் நான்கு நாள் அவளுக்காகப் புலம்பினார்கள் என்று கதை முடிகிறது. அடைக்கலசாமி அதை நேர்வதற்கு முந்தின வாரம்தான் படித்திருந்தார். தன் வாசலில் மகளைப் பார்த்ததும், புத்தகத்தில் இருந்தது தன் வீட்டுக்கே நடந்து வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். படிக்கத் தெரியாத மனிதராக இருந்திருந்தால் கிடாயைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

அவர் வீட்டில் ஒரு உயிரும் போகவில்லை. அதனால் நேர்ச்சையும் நிலைத்துவிட்டது. மகள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. வருஷத்தில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பான தபசு காலத்து முதல் வாரம் நான்கு நாள் ஊர்ப் பெண்கள் வந்து அவளுக்காக அழவேண்டும்.

இவ்வளவும் உபதேசியார் செய்தது. மற்றதை ஊர் தானாகச் செய்தது.

நேர்ந்துவிட்ட கிடாயை அந்தப் பக்கத்தில் எப்படி வைத்திருப்பார்கள் என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காதில் ஒரு வெட்டு இருக்கும். எந்தக் கொல்லையில் மேய்ந்தாலும் விரட்ட மாட்டார்கள். யாரும் அடிக்க மாட்டார்கள். வாசலில் வந்து நின்றால் எதையாவது தின்னக் கொடுப்பார்கள். தை மாதம் செபஸ்தியார் திருவிழாவில் அதை வெட்டி ஊருக்கே சோறு போடுவார்கள். சூசைமேரியையும் அப்படித்தான் நடத்தினார்கள். எவரும் உட்கார்ந்து பேசித் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. அவள் வந்தால் வழிவிட்டு ஒதுங்குவார்கள். யாரும் திட்டமாட்டார்கள், வேலை சொல்லமாட்டார்கள், தொடமாட்டார்கள். அவள் ஒரு வீட்டு முன்னால் சும்மா நின்றாலும் உள்ளேயிருந்து இலையில் சோறு வரும், வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். கடையில் உப்புக் கேட்டால் மடித்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

உச்சிவெயிலில் அவள் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போவாள், பின்னால் கிடாயின் கழுத்துமணி. வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும் நாற்பது பிள்ளைகளும் ஒரே சமயத்தில் நிறுத்துவார்கள். மணிச்சத்தம் மறைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். நான் பிரம்பால் மேசையைத் தட்டிப் பார்த்திருக்கிறேன், பிரயோஜனமில்லை.

கிடாயையும் யாரும் வெட்டவில்லை. அதற்குப் பதில்தான் அவள் நேர்ச்சையாகிவிட்டாளே. ஒருநாள் நான் பொறுக்கமாட்டாமல் கோயில் தோட்டக்காரரைக் கேட்டேன். "நேர்ந்துவிட்டதுன்னா ஒரு நாள் கொடுத்துத்தானே ஆகணும். இவளை எப்படிக் கொடுப்பீங்க?"

"அது செபஸ்தியார் பாடுங்க. அவரு எப்பக் கேக்குறாரோ" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். தை பிறந்து திருவிழாக் கொடி ஏறியதும் ஊரார் அவளைப் பார்க்கும் விதம் ஏன் மாறுகிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு வருஷமும் அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

1958 தபசு காலத்தில் கோயில் ஆர்மோனியத்தைப் பழுது பார்க்கக் கொச்சியிலிருந்து நெகேமியா என்றொருவர் வந்தார். யூதர். வயது அறுபது இருக்கும். அவர்கள் முறைப்படி அறுக்காத கறியைத் தொடமாட்டார் என்பதால் சாமியார் அவரை என் சைவச் சமையலுக்கு அனுப்பிவைத்தார். ரசத்தை உறிஞ்சிக் குடித்துவிட்டு, சொந்தக்காரர்கள் எல்லாரும் இஸ்ரேல் போய்விட்டார்கள், அடுத்த வருஷம் தானும் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது எதிர் வீட்டில் ஒப்பாரி தொடங்கியது. நான் விவரம் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"மாஷே, அது எங்க புஸ்தகத்துக் கதை" என்றார், மலையாளத்தில் வாத்தியாரைக் கூப்பிடும் முறையில். "ஆனா எங்க பெரியவங்க அதை இப்படிச் சொல்லித் தரலை. அந்த ஆள் செஞ்சது மூடத்தனம். அந்தப் பொருத்தனை செல்லாது. செல்லாதுன்னு சொல்ல ஒரு பிரதான ஆசாரியர் அப்ப இருந்தார். இவன் போய்க் கேக்கணும், இல்லை அவர் வந்து சொல்லணும். இவன், நான் படைத்தலைவன், நான் போறதான்னு இருந்தான். அவர், நான் ஆசாரியன், அவன் வரட்டும்னு இருந்தார். ரெண்டு பேர் கவுரவத்துக்கு நடுவில பொண்ணு போச்சு. தேவன் ரெண்டு பேரையும் தண்டிச்சார்னு முடிப்பாங்க."

"அவளைக் கொன்றுவிட்டானா?"

"அதிலயும் ரெண்டு பேச்சு உண்டு. கொல்லலை, தனி வீட்டில வச்சுட்டான், நாலு நாள் பொண்ணுங்க பேசப் போவாங்கன்னு சிலர் சொல்வாங்க. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கல்யாணம் பண்ணு, பிள்ளை பெறு, அது முதல் கட்டளை. எங்க குருமாரே கல்யாணம் பண்ணிக்கிறவங்க." கொஞ்ச நேரம் ஒப்பாரியைக் கேட்டார். "உயிரோட இருக்கிறவளுக்கு இப்படி அழுது நான் எங்கயும் கேட்டதில்லை மாஷே." அன்று சாயங்காலமே ஆர்மோனியத்தை முடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். கூலியில் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார் என்று கோயிலில் சொன்னார்கள்.

நான் மறுநாள் இதைச் சாமியாரிடம் சொன்னேன். முப்பத்தைந்து வயதுக்காரர், ரோமாபுரித் திருச்சபையின் சட்டம் படித்தவர், ஊருக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ, "அந்த யூதர் சொன்னதுல தப்பில்ல" என்றார். "கன்னிமை பெரிய காரியம்தான் வாத்தியாரே. நானே அப்படித்தானே இருக்கேன். ஆனா எங்க பெரிய அப்போஸ்தலர் அர்ச்சியசிஷ்ட சின்னப்பர் அதைக் கட்டளையா சொல்லல, புத்திமதியாத்தான் சொன்னாரு. தானா மனசு வச்சு எடுக்கணும். ஒருத்தர் நேர்ந்தா அந்த நேர்ச்சை நேர்ந்தவரத்தான் கட்டும். அப்பன் நேர்ந்து மகளைக் கட்டாது. திருச்சபைச் சட்டமே அதுதான்."

"அப்படியானால் சொல்லிவிடலாமே சாமி?"

"உபதேசியார் வந்து கேக்கட்டும். அந்தப் புத்தகத்தைக் கொண்டாந்து என் மேசையில வச்சிட்டுக் கேக்கட்டும்."

விஷயம் இதுதான். வந்த வருஷமே சாமியார் அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதைக் கேட்டிருக்கிறார். அடைக்கலசாமி கொடுக்கவில்லை. உடனே அவரை உபதேசியார் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஊரார் பழக்கதோஷத்தில் உபதேசியார் என்றே கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

ஈஸ்டருக்குப் பிறகு ஒரு அதிசயம் நடந்தது. சூசைமேரிக்கு மாப்பிள்ளை வந்தது. பெயர் சந்தியாகு, தாய்வழியில் தூரத்து உறவு, கீரனூரில் ரயில்வே கேங்மேன். நேர்ச்சை கீர்ச்சை என்று ஆளுக்கொருவர் சொன்னதற்கு, "கெடாய்க்குப் பயந்தா தண்டவாளத்துல வேல பாக்க முடியுமா" என்றானாம். தாய் புருஷனைக் கேட்காமலே சாமியாரிடம் போய் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் படிப்பார். முதல் ஞாயிறு படித்தார். அடைக்கலசாமி வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் ஞாயிறும் படித்தார்.

அந்தப் பதினைந்து நாளும் சூசைமேரி கிடாயைக் கட்டிப் போட்டுவிட்டுத் தனியாக நடந்தாள். ஒருநாள் கிணற்றடியில் தாயிடம் ஏதோ சொல்லிச் சிரித்ததைப் பார்த்தேன். அவளுக்குப் பற்கள் இவ்வளவு வரிசையாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எனக்கு என்ன சந்தோஷம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, அன்று சோற்றில் இரண்டு தரம் நெய் ஊற்றிக்கொண்டேன்.

மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை காலை, கிடா செபஸ்தியார் குருசடி வாசலில் செத்துக் கிடந்தது. கயிறு அறுபடவில்லை, கழுத்திலிருந்து கழன்று வீட்டு முளையில் முடிச்சோடு அப்படியே இருந்தது. உடம்பில் காயமில்லை. பன்னிரண்டு வயதுக் கிடா சாகாமல் என்ன செய்யும் என்று நான் எல்லாரிடமும் கத்தினேன். கிடா தன் முறையை முடித்துக்கொண்டு போய்விட்டது, இனிச் செபஸ்தியார் அவளைத்தான் கேட்பார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. முடிச்சு அவிழாமல் கிடாயின் தலை எப்படி வெளியே வந்தது என்பது எனக்கும் இன்றுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் நான் கோயில் வாசலோரம் நின்றேன். ஓலை வாசித்து முடிந்ததும் ஆண்கள் பக்கத்திலிருந்து அடைக்கலசாமி எழுந்தார்.

"தடை இருக்கு சாமி. அவ நேர்ந்துவிட்டவ."

சாமியார் ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். சட்டம் அவர் நாக்கில் இருந்தது, எனக்குத் தெரியும். பெண்கள் பக்கத்தில் சூசைமேரி தலையில் முக்காட்டோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் புத்தகத்தை மூடினார். "அதைத் தனியா வந்து கேளுங்க உபதேசியாரே. எந்தப் புத்தகத்தப் பாத்துச் சொல்றீங்களோ அதையும் கொண்டாங்க."

"முப்பது வருசம் இந்த ஊருக்கு ஜெபம் சொன்னவன் நான். சாமி எங்க வீட்டுக்கு வரட்டும்" என்றார் அடைக்கலசாமி.

அவ்வளவுதான். பூசை தொடர்ந்தது.

அந்த மாதம் முழுக்க நான் இரண்டு பேருக்கும் நடுவில் அலைந்தேன். நெகேமியா சொன்ன கதையை இருவரிடமும் சொன்னேன். சாமியார் சிரித்துவிட்டு, அவர் படி ஏறட்டும் என்றார். உபதேசியார் கதையைக் கவனமாகக் கேட்டுவிட்டு, "எம் புஸ்தகத்துல அப்படி எழுதல வாத்தியாரய்யா" என்றார். நான் அவர்கள் மதக்காரன் அல்ல, இதற்கு மேல் என்ன செய்ய என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். சந்தியாகு இரண்டு தடவை வந்து அவள் வீட்டு வாசலில் நின்றான். அவளைக் கட்டினால் கிணற்றில் விழுவேன் என்று அவன் ஆத்தா மிரட்டியிருந்தாள். அந்த வருஷக் கடைசியில் மணப்பாறையில் பெண் எடுத்துக்கொண்டான். தபசு காலம் வந்தது. நான்கு நாள் பெண்கள் வந்து அழுதார்கள். பக்கத்தில் கிடா இல்லாததால் அவள் இன்னும் தனியாகத் தெரிந்தாள்.

மூன்று வருஷம் ஓடிற்று. தாய் போய்ச் சேர்ந்தாள். 1961-இல் அடைக்கலசாமிக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை, ஒரு கால், பேச்சு மூன்றும் போயின. அதே வருஷம் அவரும் இறந்து, அவரைப் புதைத்த ஒரு மாதத்தில் சூசைமேரி திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் துணி வெளுக்கும் வேலைக்குப் போய்விட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்தேழு வயது, அந்தக் காலத்தில் அது தாண்டிப்போன வயது. 1966-இல் ஒரு காய்ச்சலில் அங்கேயே இறந்தாள். ஊரிலிருந்து யாரும் போகவில்லை. அழ வேண்டியதை எல்லாம் முன்கூட்டியே அழுது தீர்த்திருந்தார்கள் போலிருக்கிறது.

திருச்சிக்குப் போவதற்கு முதல் நாள் மத்தியானம் அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பிள்ளைகள் சோற்றுக்குப் போயிருந்தார்கள். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆறு வருஷம் எதிர் வீட்டில் இருந்தும் அவள் குரலை நான் அன்றைக்குத்தான் கிட்டத்தில் கேட்டேன்.

"வாத்தியாரய்யா, ஒரு வார்த்த கேக்கணும்."

"உள்ளே வாம்மா" என்றேன். வரவில்லை. வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"அப்பா போயிட்டாரு. இந்த நேர்ச்சைய இனி நான் யாருகிட்ட ஒப்படைக்கணும்னு சாமியாருகிட்டக் கேக்கப் போனேன். அது என்னையக் கட்டாதுன்னு சொன்னாரு. எப்ப இருந்து சாமின்னு கேட்டேன். எப்பவுமே கட்டுனதில்லன்னாரு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு ஓலை வாசிச்சப்ப ஏன் சொல்லலன்னு கேட்டேன். ஒங்க அப்பா வந்து கேக்கலன்னாரு." அவள் குரலில் கோபமில்லை, விடுபட்ட பாடத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள வந்த பிள்ளைபோல நின்றாள். "ஒங்களுக்கும் தெரியும்னு சொன்னாரு. நீங்க ரெண்டு பேருகிட்டயும் ரொம்பப் பேசிப் பாத்தீங்களாம்."

"ஆமாம்மா. ஒரு மாசம் அலைஞ்சேன்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, கடவுள் மன்னிக்கட்டும்.

"எங்க வீடு எதுத்தாப்புலதான இருக்கு" என்றாள் சூசைமேரி. "எங்கிட்ட ஏன் சொல்லல?"